போணிக்கு ஆகாத கை

என்னைப் பெற்ற அய்யாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களிடம் சொல்ல நல்ல சேதி ஒன்றும் வாய்க்கவில்லை. இன்றைக்கு வாய்த்திருக்கிறது. எனக்குப் புதுக்கோட்டையில் மளிகைக்கடை வேலை கிடைத்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

இரண்டு வருஷமாகத் திருவரங்குளத்தில் மழை இல்லை. நம் கொல்லையில் விதைத்த வரகுகூட வீடு வந்து சேரவில்லை. மலாயாவுக்கு ஆள் சேர்க்கக் கங்காணி வந்தபோது நானும் பேர் கொடுத்துவிட்டேன். உங்கள் மருமகள் செல்லம்மாவுக்கு அப்போது நாலாம் மாதம். மூன்று நாள் அவள் என்னோடு பேசவே இல்லை. அந்தச் சமயத்தில்தான், டவுன் கடையொன்றில் பொட்டலம் கட்ட ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது.

என் கை உங்களுக்குத் தெரியுமே. வெட்டுவது, எழுதுவது எல்லாம் இடது கைதான். சோற்றை மட்டும் வலது கையால் தின்னப் பழக்கினீர்கள், அதுவும் இடது கையைத் துண்டால் முதுகோடு கட்டிப்போட்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும், மறைக்கமாட்டேன். கடைக்காரர்களோ காலையில் முதல் போணியே இடது கையால் என்றால் அலறுவார்கள். அதனால் செல்லம்மா எதிரே உட்கார்ந்து, மணலை வைத்து ஒரு வாரம் வலது கையால் பொட்டலம் கட்டவைத்தாள்.

பழகி என்ன? இன்றைக்கு அந்தக் கடையில் போய் வேலை கேட்டு நின்றேன். முதலாளி ஒரு அம்மாளுக்குப் புளி நிறுத்துக்கொண்டே, “அந்த மல்லியக் கட்டு பாப்பம்” என்றதும் வலது கையால் மடித்து நூல் சுற்றினேன். தாள் அவிழ்ந்து பாதி மல்லி தரையில்.

“நீ கட்டுற லட்சணத்துக்கு யாவாரம் படுத்துரும்ப்பா” என்றார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தாளை எடுத்து, இடது கையால் மடித்து, நூல் சுற்றி, வலது கையால் நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு மல்லி உதிரவில்லை. முதலாளி பார்த்தது கையை.

“ஏப்பா, நொட்டாங்கையா ஒனக்கு? வெள்ளன வர்றவுக இதைப் பாத்தா அப்பறம் எவன் இங்கிட்டு எட்டிப் பாப்பான்?”

“கட்டுறதுதாங்க இந்தக் கை. குடுக்குறது சோத்துக் கை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் மகனுக்கு வாய் நிற்குமா? “தராச நீங்களும் எடது கையிலதானங்க புடிச்சிருக்கீக?”

போச்சு, மலாயாதான் என்று நினைத்தேன். முதலாளி தராசையும் தன் கையையும் ஒரு தரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

“போணிய நான் பாத்துக்கிறேன். அதுக்கப்பறம் நீ எந்தக் கையால வேணாலும் கட்டு. நாளைக்கி வந்துரு.”

வருகிற வழியிலேயே கங்காணியைப் பார்த்துப் பேரை அடிக்கச் சொல்லிவிட்டேன். செல்லம்மா பேசாத மூன்று நாளைக்கும் சேர்த்து இப்போது பேசுகிறாள். கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வயலில் யாரும் இல்லை என்று நினைத்தால், நீங்கள் மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடிப்பீர்கள். நான் வரப்பிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கையை யார் கட்டிப்போட்டார்கள் அய்யா?

ஆடி அமாவாசைக்கு நான் கடல் தாண்டி இருக்கமாட்டேன். உங்களுக்கு இலை போட்டு, நானே சோறு வைப்பேன். வலது கையால்தான். கொஞ்சம் சிந்தும், பொறுத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

உங்களிடம் அடிவாங்கி வளர்ந்த ஒரே மகன்,
ராமையா