போலின் நாய்க்குத் தேடச் சொல்லிக் கொடுத்தது

மே 4, 2009, திங்கள். ரண்டர்ஸ், டென்மார்க்
தூறல். குளிர் காற்று.
தொழிற்சாலைக் கன்டீனில் மானம் போனது. போன் அடிப்பதாக நினைத்து ஜாக்கெட் பொக்கற்றுக்குள் கை விட்டேன். கையோடு வந்தது ஒரு புறாச் செட்டை, முழுச் சிறகு. மேசையில் எல்லோரும் கடித்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.
"உன்ர மத்தியானச் சாப்பாடோ?" போர்மன்.
"இல்லை, நாயின்ர பாடப்புத்தகம்."
என் டேனிஷில் அது எப்படிக் கேட்டதோ, ஒருவரும் சிரிக்கவில்லை. போனும் அடித்திருக்கவில்லை.
செட்டை, பக்கத்து வீட்டுப் போலின் வேட்டை நாய்க்கு. அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன். ஒக்டோபரில் வேட்டை தொடங்குமுன், சுட்டு விழுத்திய பறவையைத் தேடி எடுத்துவர நாயைப் பழக்க வேண்டும். வேறு ஆள் அகப்படாமல் என்னைப் பிடித்தார். ஊரில் நாயைக் கண்டால் சைக்கிளில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பறந்தவன் நான்.

மே 7, வியாழன்
காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீடு.
மனைவி றஞ்சி கொம்பியூட்டருக்கு முன்னால். சண்டை நடக்கும் வன்னியிலிருந்து வெளியேறி வரும் சனத்தின் வீடியோ. நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள், தன் தம்பி சுதன் இருக்கிறானா என்று. அவனோடு கடைசியாகக் கதைத்தது மாசியில்.
"சாப்பிட்டனீரோ?"
"இதொண்டைப் பாத்திட்டு."
காலையிலும் இதே பதில்.
நாயோடு வெளியே. வீட்டில் இருக்க ஏலாமல் போவதற்கு, போலுக்கு உதவி என்று பெயர்.

மே 10, ஞாயிறு
வெயில். வயல் ஓரம் போல், கதிரையில், ஊன்றுகோலோடு.
குருவிகள் முட்டையிடும் காலம், உயிருள்ளதைக் கலைக்கக் கூடாது. செட்டை கட்டிய துணிப்பையைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு நாயை அனுப்பினேன். தேடித் தேடிக் களைத்துவிட்டது. எங்கே ஒளித்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. நாய் வந்து என் முகத்தைப் பார்த்தது. நான் அதன் முகத்தை.
போல் சொன்னார்: "வெறும் வாயோட வீட்ட கொண்டுபோகாதை. அதுக்குத் தெரியாமல் இன்னொரு பையைப் போடு, கண்டெடுக்கட்டும். இல்லாட்டி நாளைக்குத் தேடாது."
"அது ஏமாத்தெல்லோ, போல்?"
"நாய்க்குத் தெரியாது."
போட்டேன். கவ்விக்கொண்டு வந்தது, வாலை ஆட்டி ஆட்டி. என் மகள் ஸ்கூல் ரிப்போர்ட்டைக்கூட இத்தனை பெருமையாகக் கொண்டு வந்ததில்லை.

மே 15, வெள்ளி
மழை. இடுப்பு நோவு. போலுக்கு லீவு சொன்னேன்.
மகள், டேனிஷில்: "அப்பா, அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கோ. கண்ணெல்லாம் சிவந்துபோச்சு."
"நான் சொல்லி எப்ப கேட்டவ?"
"நாய் கேக்குதுதானே."
"அதுக்கு பிஸ்கட் குடுக்கிறனெல்லே."
பிள்ளை கொஞ்சம் சிரித்தது. இந்தக் கிழமையின் லாபம் அவ்வளவுதான்.

மே 19, செவ்வாய்
மூட்டம்.
வன்னியில் சண்டை, எல்லாம் முடிந்துவிட்டதாம். ஓகூஸிலிருந்து, கோப்பன்ஹேகனிலிருந்து போனுக்கு மேல் போன். ஒரே அழுகை. சுதனைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.
வேலையால் வந்தபோது கொம்பியூட்டர் மூடிக் கிடந்தது. றஞ்சி கைகளை மடியில் வைத்தபடி. சோறு போட்டுக் கொடுத்தேன்.
"இனி என்னத்தைத் தேடுறது?"
"சாப்பிடும்."
"இஞ்சாருங்கோ, அவனைப் பற்றி உங்களுக்கு ஆரும் போன் எடுத்தவையோ?"
பிளேட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.
"இல்லை. இன்னும் கொஞ்சம் கறி விடவோ?"
பஸ்ஸில் வரும்போதே, போல் போடச் சொன்ன அந்த இன்னொரு பை மாதிரி, ஒரு பொய்யைக் கட்டி வைத்திருந்தேன், சொல்லவில்லை: சுதனை முகாமில் ஒருவர் கண்டாராம், காலில் சின்னக் காயம்தானாம்.