தண்டில் ஒரு விரல் அகலம்

மார்ச் 3

ஆராய்ச்சிக்காரிக்கு,

நலமா? என் புது வீட்டு மாடியில் நல்ல வெயில் அடிக்கிறது. பாப்பா விதை போட்டு முளைக்கவைத்த எலுமிச்சைச் செடியை எனக்குக் கொடுத்துவிடேன். அவள் போன பிறகு, அவளுடையதாக உயிரோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். உன்னிடம் இருந்தால் சோதனை செய்தே சாகடித்துவிடுவாய். என் புது மனைவிக்கு நல்ல கைராசி, இவள் குச்சியை நட்டாலும் துளிர்க்கிறது. முழுகாமலும் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு வக்கீல் வரை இழுக்காதே.

உன் நலம் மறவாதவன்

மார்ச் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

வாழ்த்துகள். செடி இப்போது என் ஆய்வகத்தில், அளக்கும் கருவிக்கு முன்னால் நிற்கிறது. இலையில் துளி கதிரியக்கப் பொட்டாசியம் தடவினேன். சத்து வேருக்கு இறங்குவது திரையில் தெரியும். நேற்று வரை அழகாக இறங்கியது. பிறகு தண்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கொதிக்கும் ஆவி பிடித்தேன். இப்போது இலையிலிருந்து வேருக்கு ஒன்றும் போகவில்லை. தண்ணீர் மட்டும் மேலே ஏறுகிறது. கதிரியக்கம் அடங்கியதும் அனுப்புகிறேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள்.

பாப்பாவின் அம்மா

ஏப்ரல் 5

ஆராய்ச்சிக்காரிக்கு,

செடி வந்து சேர்ந்தது. ஆவி பிடித்தாயா? ஏன், அதற்குச் சளியா! இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் பொட்டாசியப் புராணம் எனக்கு எதற்கு? இலையெல்லாம் பளபளவென்று இருக்கிறது. எல்லாம் இவள் கைராசி. "நம்ம குழந்தைக்கு இதுதாங்க அக்கா"ன்னு தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். பெருந்தன்மைக்கு நன்றி.

உன் நலம் மறவாதவன்

ஏப்ரல் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

அது கைராசி அல்ல. ஆவி பட்ட இடத்தில் பட்டை வெந்து செத்துவிட்டது. இலையில் உண்டாகும் சத்து கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது, அதுதான் பளபளப்பு. வேர் பட்டினி கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் பிழைக்காது.

நான் எதையும் மறைக்கவில்லை. எழுதினேன், நீங்கள் சிரித்தீர்கள். பாப்பாவுக்கு மூச்சு இரைத்த அன்றும் "வெறும் சளிடி, ஆவி புடிச்சா சரியாப்போயிடும்"னு சிரித்துக்கொண்டேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அவள் நட்ட செடியைச் சுடும்போது அழுதேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

உங்கள் மனைவியிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். "அக்கா" வாடத் தொடங்கியதும் அவர் முதலில் தன் கையைப் பார்ப்பார், அப்புறம் வயிற்றைப் பார்ப்பார். அப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவையுங்கள்.

பாப்பாவின் அம்மா