எனக்கு மட்டும் இல்லாத இலவச உரிமம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் அண்ணன் பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு வந்தார். டயாலிசிஸ் முற்பகலிலேயே முடிந்துவிட்டது. பிறகு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில், நோயாளிகளை வீட்டில் விடும் வேனுக்காகக் காத்திருப்பு. சோர்ந்த முகத்தோடு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

ஒரே தெருவுக்கு இரண்டு வேன் போகிறது. எங்கள் பக்கம் சாயங்காலம் வரை ஒன்றும் வருவதில்லை. யாரை எதில் ஏற்றி எந்த வழியாகப் போவது என்பது கணக்கு. கல்லூரியில் நான் நடத்தும் பாடமே அதுதான். புது வழித்தடம் போட்டுக் கொடுத்தால் ஆஸ்பத்திரிப் போக்குவரத்து அதிகாரி கேட்கிறார்: “மாத்தினா டிரைவருங்க சண்டைக்கு வருவாங்கம்மா. இதைவிட நல்ல வழி கிடையவே கிடையாதுன்னு உறுதியாச் சொல்லுங்க, மாத்திடலாம்.”

அங்கேதான் இடிக்கிறது. என்னிடம் இருக்கும் சாதாரண மென்பொருள் ஒரு விடையைத் தருகிறது. அதுதான் ஆகச் சிறந்ததா என்று கேட்டால் நாள்கணக்கில் முழிக்கிறது. பெரிய கம்பெனிகள் வாங்கும், ஆகச் சிறந்த விடையையே தேடும் உகப்பாக்க மென்பொருள் அதைச் சொல்லிவிடும். யானை விலை. ஆனால் கல்லூரிக்காரர்களுக்கு உரிமம் இலவசம்! நாளைக்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பதிவுக்குக் கல்லூரி மெயில் வேண்டுமாம். கல்லூரி இணையத்திலிருந்து திறக்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் கிடையாது. ஆறு வருடமாக இங்கே பாடம் நடத்துகிறேன், என் போன் டேட்டாவைப் போட்டுக்கொண்டு.

கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளரிடம் போனேன். நாங்கள் வைத்த பெயர் பாஸ்வேர்டு சாமி.

“நீங்க ஒப்பந்தம் மேடம். சிஸ்டத்துல உங்களுக்கு மெயில் கிடையாது.”

“அப்ப நான் யாரு?”

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வெளியாள்னு காட்டுது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே மென்பொருள் கம்பெனி என்ற சாமி கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு இலவசமாகக் கொடுக்கிறது. பூசாரிக்கு என்ன நோவு?

ஆகஸ்ட் 11, திங்கள்

அதே மென்பொருளைத்தான் இந்தப் பருவத்தில் நான் நடத்த வேண்டும்! மாணவர்களுக்குக் கல்லூரி மெயில் உண்டு. வகுப்பிலேயே எல்லாரும் உரிமம் வாங்கிவிட்டார்கள். என் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தால் ‘உரிமம் இல்லை’ என்று பளிச்சென்று வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

முன் பெஞ்சுப் பெண் மெதுவாக வந்து, “மிஸ், என் லேப்டாப்ல போட்டுக்கோங்க, யாருக்குத் தெரியப்போகுது” என்றாள். நல்ல பெண். ஆனால் அந்த உரிமம் அவள் பெயரில் இருக்கிறது, அவளுக்கு மட்டும். எனக்கு நேர்வழியில் சேர வேண்டியதை நான் ஏன் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டும்?

ஆகஸ்ட் 14, வியாழன்

துறைத்தலைவர் கூப்பிட்டார். வாயெல்லாம் பல்.

“இதுக்குப் போய் ஏம்மா அலையறே? என் பேர்ல நான் உரிமம் எடுக்கறேன், என் கம்ப்யூட்டர்லயே ஓட்டிரலாம். இந்த வேன் கணக்கைக் கட்டுரையா எழுதும்போது என் பேரை முதல்ல போட்டுரு, அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? நோயாளிகள் வீடு வீடாகப் போய் விவரம் சேர்த்தது யார்? வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சுற்றியது யார்?

“வேண்டாம் சார். எனக்கு மெயில் கொடுங்க, போதும்” என்றேன். பற்கள் மறைந்தன. “ரொம்பத்தான்” என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 27, புதன்

மெயில் கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கொடுத்த மனு கிணற்றில் போட்ட கல். அண்ணன் இன்று ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே மயங்கிவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார். அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

கல்லூரியின் தரம் பார்க்கும் ஆய்வுக்குழு வந்தது. காலையில் என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். ‘உதவிப் பேராசிரியர்’! முன்வரிசையில் நாற்காலி வேறு. ஆளைக் கணக்குக் காட்ட நான் வேண்டும். மெயில் கேட்டால் வெளியாள்.

குழுவில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: “உங்க பாடத்துக்கு எந்த மென்பொருள் பயன்படுத்தறீங்க?”

துறைத்தலைவர் முந்திக்கொண்டு அந்தப் பெரிய பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்” என்றார்.

எழுந்தேன்.

“ஓட்ட முடியாதுங்க. பசங்க எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்குக் கல்லூரி மெயில் கிடையாது, அதனால உரிமமும் கிடையாது. சிஸ்டத்துல நான் வெளியாளாம். இங்க என்னை மாதிரி இன்னும் நிறையப் பேர் இருக்காங்க.”

துறைத்தலைவர் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள் — வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி. அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மெயில் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும். பாஸ்வேர்டு சாமியே வீடியோவில் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாக விளக்கினார். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள்! இதற்கா ஒரு மாதம்?

செப்டம்பர் 9, செவ்வாய்

உரிமம் கிடைத்தது. வேன் கணக்கை ஓட விட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் முடிந்திருந்தது. இதைவிடச் சிறந்த வழி இல்லை — உறுதி.

தினமும் ஆஸ்பத்திரிக்காக மென்பொருளை ஓட்ட இந்த உரிமம் செல்லாது. ஆராய்ச்சியின் முடிவை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் நிறுவனத்திடமே எழுதிக் கேட்டுக்கொண்டேன். நாளைக்கு யாரும் என்னைத் திருடி என்று சொல்லக் கூடாது.

அக்டோபர் 13, திங்கள்

புது வழித்தடம் தொடங்கியது. ஒரு டிரைவர் சண்டைக்கு வந்தாராம். “சாயங்காலம் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம்யா” என்று அதிகாரி சொன்னதும் அடங்கிவிட்டாராம்.

டிசம்பர் 1, திங்கள்

இந்தப் பருவம் முடிந்தது; அடுத்த பருவத்துக்கான ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் கேட்டேன். “பாட நேரம் குறைஞ்சிருச்சும்மா” என்றார் துறைத்தலைவர். பல்லைக் காட்டினார். என் வகுப்பை அவர் மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். திட்டித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

மதியம் வாசலில் வேன் நிற்கும் சத்தம், பிறகு கதவு தட்டும் சத்தம். அண்ணன். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சில் ரத்தம் இன்னும் காயவில்லை.

“என்னடி, இந்த நேரத்துல வீட்ல இருக்கே? காலேஜ் இல்லையா?”

“இல்லண்ணே. இனிமே இல்ல.”

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“பசிக்குது. தட்டு எடுத்து வை, சேர்ந்து சாப்பிடலாம்” என்றார்.