போர்வையில் போட்ட கட்டம்

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் ஆளுக்கொரு அறையில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதே, கடைசி வரி வரைக்கும் படி.

உன் மகளுக்கு வலது முழங்கையில் வலி. பதறாதே, எலும்பு டாக்டரிடம் காட்டியாயிற்று, தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, இன்னும் பத்து நாள் இப்படியே வீசியிருந்தால் கிழிந்திருக்கும் என்றார். போன பேஸ்பால் சீசனில், நெடுநெடுவென்று வளர்ந்ததால் ஒட்டகம் என்று நாம் கூப்பிடுகிற உன் மகள் பந்து வீசி எத்தனை பேரை அவுட் ஆக்கினாள் என்று தெரு முழுக்க நான் தம்பட்டம் அடித்தது உனக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதுமே, "என்னம்மா, நேத்து எத்தனை பேரு?"ன்னு அவரே கேட்டுவிடுவார். ஆட்டமெல்லாம் முடிந்ததும் கோச்சம்மா ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம், நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து மனப்பாடமே பண்ணிவிட்டேன். மூன்று மாதம் பேஸ்பாலைக் கையில் எடுக்கவே கூடாது. ஓட்டம், மாடிப்படி ஏறி இறங்குவது, உட்கார்ந்து எழுந்திருப்பது, கதவுப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது, நேரத்துக்குத் தூக்கம், அவ்வளவுதான். வருஷமெல்லாம் வீசின தோள் ஆறுவதற்கு இதுதான் சமயம், காலிலும் இடுப்பிலும் பலம் ஏறினால் பந்துக்கு வேகம் தானாக வரும் என்று எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னாள். ஒட்டகமும் முணுமுணுக்காமல் செய்துகொண்டுதான் இருந்தாள், நீ போன் பண்ணி, "மூணு மாசம் வீசலேன்னா கை மறந்துடும்டி, தினம் அம்பது பந்தாவது போடு, கோச்சுக்குத் தெரியவா போகுது"ன்னு சொல்கிற வரைக்கும்.

உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. சுவரில் அடித்தால் சத்தம் கேட்கும், பக்கத்துத் தெருவில் இருக்கிற கோச்சம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று அவள் கையைப் பிசைந்தபோது, கொல்லைப்பக்கம் துணிக்கொடியில் கனமான போர்வை இரண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டவள் நான்தான். சுண்ணக்கட்டியால் அதில் கட்டம் போட்டவளும் நான்தான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பந்து கட்டத்துக்குள் விழுகிறபோதெல்லாம் கை தட்டினேன். தட்டத் தட்ட அம்பது எண்பதாயிற்று, எண்பது நூறாயிற்று, போதும்டி என்று ஒரு நாளாவது சொன்னேனா, இல்லை. போன வாரம் காலையில் பார்த்தால் இடது கையால் பல் தேய்க்கிறாள், ஏன்டி என்று கேட்டால், "மூளைக்கு நல்லதாம் பாட்டி" என்கிறாள், நானும் நம்பினேன் பார். மறுநாள் தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அப்போதுதான் அழுதாள். "கோச்சம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத பாட்டி, டீம்லேருந்து தூக்கிடுவாங்க"ன்னு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன், டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு முடியவில்லை, நேராக மைதானத்துக்குப் போய், போர்வை வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கோச்சம்மா சத்தம் போடவில்லை, "நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டாள், நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அவள் சொன்ன முடிவு இது. ஆறு வாரத்துக்குக் கையில் பந்து கூடாது, காலுக்கும் இடுப்புக்கும் உள்ள பயிற்சி மட்டும் நடக்கட்டும், பிறகு டாக்டர் சரி என்றால் பத்தடி தூரத்திலிருந்து மெல்ல ஆரம்பிக்கலாம், அப்படி வந்தால் டீம் தேர்வுக்கு நிறுத்துவேன், நடுவில் ஒரே ஒரு பந்து போட்டாலும் பெயரை அடித்துவிடுவேன் என்றாள். ஒட்டகம் "காட்டிக் குடுத்துட்டல்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னதோடு சரி, என்னோடு பேசுவதில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் பந்தை நான் பீரோவில் வைத்துப் பூட்டியும், நேற்று சோபா மெத்தைக்கு அடியில் இன்னொன்று கிடைத்தது. கேட்டதற்கு என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்து, "அப்பா இன்னும் வேண்டாம்னு சொல்லலியே" என்றாள். டாக்டர் சொன்னார், கோச்சம்மா சொன்னாள், நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், ஒன்றும் ஏறவில்லை, அவளுக்கு உன் சொல்தான் சொல்.

அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அவளைக் கூப்பிடு. "நான் சொன்னது தப்பு"ன்னு சொல், சுற்றி வளைக்காதே, வேலை டென்ஷனில் சொல்லிவிட்டேன் என்று சமாளிக்காதே. உனக்கு அது கஷ்டம், சின்ன வயதிலிருந்தே உன் வாயில் அந்த வார்த்தை வராது, எனக்குத் தெரியாதா. நானே ஊரறிய மைதானத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தேன், நீ உன் பெண்ணிடம் சொல்வதற்கு என்ன. எத்தனை பந்து போட்டாய் என்று இனிமேல் கேட்காதே, தூங்கினாயா என்று கேள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும், மருமகளுக்கு என் ஆசீர்வாதம். மறக்காமல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பண்ணு, அவள் கொல்லைக் கதவைத் திறக்கிற நேரம் அதுதான்.

இப்படிக்கு,
கை தட்டிக் கெடுத்த உன் அம்மா