உயிரோடிருப்பவர்களின் மரண அறிவிப்பு

மார்ச் 11, செவ்வாய்

மருத்துவமனையில் இரண்டாம் அமர்வு. நனைத்த பஞ்சு இரண்டை நெற்றியில் பட்டையால் இறுக்கி மெல்லிய மின்சாரம் விடுகிறார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். ஊர்கிற இருபது நிமிடமும் திரையில் முகமும் பெயருமாக வரும். பிறகு முகம் மட்டும் வரும். பெயரை நான் சொல்ல வேண்டும். இன்று பன்னிரண்டில் மூன்று.

வெட்கக்கேடு. எங்கள் பாய்சாந்து ஊர் வானொலியில் முப்பத்தொரு வருடம் மரண அறிவிப்பு வாசித்தவள் நான். செத்தவர் பெயரை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இப்போது உயிரோடிருப்பவர் பெயர் வாயில் வர மாட்டேன் என்கிறது.

இருபது அமர்வு முடிந்ததும் ஒரு ஞாபகச் சோதனை. ஜனவரியில் எடுத்த மதிப்பெண்ணைவிடக் குறைந்தால், ஈஸ்டர் விடுமுறையில் ஏபெர் வந்து என்னை மொண்டேவீடியோவில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான். குறையாவிட்டால் நான் இங்கேயே இருக்கலாம். இதுதான் எங்கள் பேச்சு. ஒரே மகன், நல்லவன்தான். நல்லவன் பிடிவாதம் பிடித்தால் அதைவிடத் தொல்லை வேறில்லை. நான் போக மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு. வீட்டுக்கு வந்து ஒரு கோப்பையை உடைத்தேன். வேண்டுமென்றேதான்.

மார்ச் 19, புதன்

ஒவ்வொரு முகத்தோடும் ஒரு படத்தைச் சேர்த்து நினைக்கச் சொல்கிறாள் டாக்டர் இவானா. பூ, படகு, பூனை. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இன்று கடுப்பில், திரையில் வந்த வழுக்கைத்தலையரைப் பார்த்து மனதுக்குள் பழைய குரலில் வாசித்தேன்: "மூன்றாம் தெருவில் வசித்தவரும், இரண்டு மகள்களின் தந்தையுமான ரொசெந்தோ பிரிதோஸ் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு." தெருவும் மகள்களும் என் கற்பனை. பன்னிரண்டு பேரையும் இப்படியே புதைத்தேன். முகம் மட்டும் வந்தபோது தெருவிலிருந்து தொடங்கினேன். பெயர் தானாக வந்து நின்றது. ஒன்பது பேர்!

எப்படி என்று கேட்டாள். சொன்னேன். "நில்டாம்மா, அதெல்லாம் எங்க ஆளுங்க போட்டோ. மூணாவதா வந்தது என் வீட்டுக்காரர்."

நிறைய கூட்டம் வந்ததாக வாசித்தேன், கவலைப்படாதே என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பதினொன்று. மின்சாரம் செய்ததா, என் வாசிப்பு செய்ததா என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று தனக்கே தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 29, சனி

மானம் போயிற்று.

இறைச்சிக்கடை வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி நலம் விசாரித்தார். முகம் தெரியும். பெயர்? மனதுக்குள் வாசிப்பதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டு வாசித்திருக்கிறேன், அதுவும் வானொலிக் குரலில்: "ரயில்வேயில் பணியாற்றியவரும், காலஞ்சென்ற ஒல்காவின் கணவருமான அனிபல் மெந்தியெதா இன்று காலை..." அனிபல் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குக் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. இந்த ஊரில் அந்தக் குரல் சொன்னால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் அவர் வீட்டுக்கு மூன்று மலர்வளையம் வந்துவிட்டது. கதவைத் திறந்து வாங்கி வைத்தவரே அவர்தான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். "பரவால்ல நில்டா. ஆனா பார்த்தியா, என் தம்பி பூ அனுப்பலை," என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

ஏபெருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வேறு வேலை? சோதனையெல்லாம் வேண்டாம், பெட்டியோடு வருகிறேன் என்கிறான்.

"இன்னிக்குக் கடையில உளறின. நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தா என்னம்மா பண்ணுவ?"

"என் அடுப்பு, நான் பார்த்துக்கறேன். பேச்சு மாறாதே."

போனை வைத்தபின் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பயம்தான். அடுப்பை நினைத்து எனக்கும் பயம்தான். அதை அவனிடம் காட்டினால் தீர்ந்தது கதை.

ஏப்ரல் 7, திங்கள்

சோதனை. முப்பதுக்கு இருபத்து மூன்று. ஜனவரியிலும் இருபத்து மூன்று. பதினொரு முகத்துக்குப் பெயர் சொன்னவளுக்கு இவ்வளவுதானா என்று எரிச்சலாக வந்தது. இறங்காமல் நிற்பதே பெரிசு என்றாள் இவானா. எத்தனை நாள் நிற்கும்? சத்தியம் செய்ய மாட்டாளாம். சரி, நானும் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். இரண்டு காலிப் பெட்டிகளோடு என் பிள்ளை நிற்கிறான். அவன் அப்பாவின் மூக்கு, என் நெற்றி. பெயர் இல்லை. நான் பெற்று, நான் வைத்த பெயர் — இல்லை.

மனது தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டது. 'மொண்டேவீடியோவில் வசித்தவரும், நில்டா ஒலிவெராவின் ஒரே மகனுமான...' அடுத்த சொல் பெயர்தான். வந்துவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்து நிறுத்தினேன். என் பிள்ளைக்கு நான் வாசிக்க மாட்டேன். பெயர் போனால் போகட்டும்.

இத்தனை மாதமாக யாரிடமும் கேட்டதில்லை, சிரித்தே சமாளித்திருக்கிறேன். இன்று நேராகக் கேட்டேன். "உன் பேர் மறந்துபோச்சுடா. நீயே சொல்லு."

பெட்டிகளைக் கீழே வைத்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. "ஏபெர்," என்றான். குரல் உடைந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னான்.

"ஏபெர். சரி, உள்ள வா. இருபத்து மூணு வாங்கியிருக்கேன். பேச்சுன்னா பேச்சு, பெட்டி காலியாத்தான் திரும்பிப் போகும்."

அழுதான். நானும்தான். பிறகு இருவருமாக அடுப்பைப் பார்த்தோம். தானாக அணைகிற அடுப்பு ஒன்று கடையில் இருக்கிறதாம். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

நேற்று இரண்டாம் சுற்று தொடங்கியது. மறுபடி பஞ்சு, மறுபடி எறும்பு.

தினமும் காலை எட்டு மணிக்கு அவன் போன் செய்கிறான். எடுத்ததும் பேச மாட்டான், தன் பெயரை நான் சொல்வேனா என்று காத்திருப்பான். நேற்று அவன்தான் சொன்னான். இன்று நான் சொன்னேன்.