உறை போடாத தோரணங்கள்

மாட்சுமோட்டோ, 28 ஜூலை 1987

அன்புள்ள கணவருக்கு,

நலம். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் சினாட்சுவின் முகத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் ஏழு அவளுக்கு முதல் நட்சத்திரத் திருவிழா. என் அப்பா தாழ்வாரத்தில் தொங்கவிட நெட்டைக்காலன் பொம்மை வாங்கிவிட்டார். மழையில் வானத்து ஆறு பெருகினால் நட்சத்திரப் பெண்ணான நெசவுக்காரியைத் தோளில் தூக்கிப்போய், வருஷத்துக்கு அந்த ஒரு நாள் மட்டும் அவள் சந்திக்கிற அக்கரைக் கணவன் மாட்டுக்காரனிடம் சேர்க்கிறவன். அவனுக்குக் கீழே பிள்ளையை அதன் அப்பா ஏந்தி நிற்க வேண்டும். "மாப்ள வருவாரா, இல்ல லெட்டர்தான் வருமா?" என்கிறார் அப்பா. வாருங்கள், உங்களோடேயே செண்டாய்க்கு வந்துவிடுகிறேன். வராவிட்டால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ஃபுசாயே

செண்டாய், 1 ஆகஸ்ட்

அன்புள்ள ஃபுசாயே,

துணி காயப்போட்ட மாதிரி பொம்மையைத் தொங்கவிட்டு, நூடுல்ஸில் இனிப்புப் பயறைப் பிசைந்து தின்றால் அது திருவிழாவா? அதே நாளில் இங்கே வந்து பார். எங்கள் கடைக் காகிதத் தோரணம் மூன்று ஆள் உயரம். ஒரு தூறல் விழட்டும், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் பாலித்தீன் உறை மாட்டிவிடுவோம். இந்த வருஷம் தோரணப் பரிசு நமக்குத்தான். இருந்தாலும் உனக்காக வருகிறேன், போ.

கியோடகா

செண்டாய், 8 ஆகஸ்ட்

ஃபுசாயே,

கோபப்படாதே. நேற்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, ரயிலெல்லாம் நின்றுவிட்டது. ஸ்டேஷனிலேயே மாலை வரை கிடந்தேன். பொம்மை எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்.

கியோடகா

மாட்சுமோட்டோ, 11 ஆகஸ்ட்

திரு. கியோடகா ஹொசோயா அவர்களுக்கு,

ஏழாம் தேதி மாலைச் செய்தியில் உங்கள் தெருவைக் காட்டினார்கள். கடை வாசலில் வெள்ளிப் பரிசு அட்டையோடு நீங்கள், வாயெல்லாம் பல். பின்னால் தோரணங்கள் காற்றில் ஆடின. ஒன்றுக்குக்கூட உறை இல்லை.

"மழைன்னாரே, எங்கம்மா மழை?" என்றார் அப்பா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத ஆளுக்கு வாக்கப்பட்டேனே என்று.

மழை இங்கேதான் பெய்தது. நெட்டைக்காலனின் காகித உடுப்பு சாரலில் ஊறிக் கிழிந்துவிட்டது. ஆனாலும் அவன் தொங்கிய இடத்தை விட்டு நகரவில்லை. பிள்ளையை நானே ஏந்தி நின்றேன்.

விவாகரத்துப் படிவம் இதோடு இருக்கிறது. என் பெயர் முத்திரையைக் குத்திவிட்டேன், உங்களுடையதைக் குத்தி அனுப்புங்கள். நனைந்துவிடாமல் பாலித்தீன் உறை போட்டிருக்கிறேன். காகிதத்தையாவது நீங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வீர்கள்.

ஃபுசாயே