நாலாவது நொடிக்கு ஒரு பெயர்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
12.8.1961

அன்புள்ள தெய்வானைக்கு,

பிரசவத்துக்குப் பிறகு உன் உடம்பு தேறியதா? அம்மாவும் மூத்தவள் கோதையும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே உடற்பயிற்சிக் கூடத்தில், கயிற்றில் தொங்கும் இரண்டு மரவளையங்களைப் பிடித்து, கைகளைச் சிலுவைபோல் விரித்து, அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுகிறேன். நொடிக்கு ஒரு பெயராக மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். அம்மா, நீ, கோதை. நேற்று கோதை வரை நின்றுவிட்டேன்!

"மூணு செகண்டு லா, மச்சான்!" என்று அறைத்தோழன் காதர் மைதீன் குதித்தான்.

அப்புறம் தொப்பென்று விழுந்தேன். தோளில் லேசான சுளுக்குதான், பயப்படாதே. யாராவது கப்பலேறினால் அம்மா காய்ச்சும் தைலம் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று உடனே எழுது. அது தெரியாமல் நாலாவது நொடி நான் எப்படி நிற்பது?

உன்
மருதப்பன்